மேல் எண், கீழ் எண்: முதுமையில் ரத்தக்குழாய் ஏன் விறைக்கிறது?

லத்தேரியிலிருந்து மாதம் ஒருமுறை ஓர் ஆயா வருவார். காட்பாடியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கி, கடைப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் எழுந்து வருவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாசி மாதம் வந்தபோது நடந்த பேச்சு இது.

"தம்பி, அந்த முட்டி மாத்திரை ஒரு அட்டை குடு."

"ப்ரஷர் பாத்தீங்களா ஆயா?"

"பாத்தாங்க. இன்னா, மேல நூத்தி அறுவத்தெட்டு, கீழ அறுவத்தாறுன்னு எழுதிக் குடுத்து கீறாங்க. கீழ நல்லாத்தானே கீது? மேல மட்டும் வயசுக்கு ஏத்தாப்புல ஏறிகீது."

இந்தப் பதிலை இருபது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கீழ் எண் குறைவாக இருப்பது நல்லது என்று ஒரு நம்பிக்கை. மேல் எண் வயதோடு ஏறுவது சகஜம் என்று இன்னொன்று. கூடவே, கைநீட்டிக் கேட்கும் முட்டி வலி மாத்திரை. மூன்றும் தனித்தனி விஷயங்கள் போலத் தெரிகின்றன. மூன்றையும் கட்டிவைத்திருக்கும் கயிறு ஒன்றுதான்: முதியவர்களின் உடம்புக்குள் சத்தமில்லாமல் கனிந்துகொண்டிருக்கும் அழற்சி, அது ரத்தக்குழாயின் சுவருக்குச் செய்யும் கெடுதல்.

முதலில் அந்த இரண்டு எண்களைப் பார்க்கலாம். 168லிருந்து 66ஐக் கழித்தால் 102. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தை நாடி அழுத்தம் என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் இளைஞருக்கு இது 40ஐ ஒட்டி இருக்கும். முதியவர்களுக்கு 60ஐ எட்டினாலே பெரிய ரத்தக்குழாய்கள் விறைத்திருப்பதன் அடையாளமாக ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆயாவுக்கு 102. ஆகவே அந்த 66 நல்ல செய்தியல்ல. மேல் எண் ஏறியதற்கு எது காரணமோ அதுவேதான் கீழ் எண்ணையும் இறக்கியிருக்கிறது.

எப்படி என்று புரிய, பழைய நாட்களில் சுருதிக்கு ஊதிய தோல் துத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதுபவர் விட்டுவிட்டுத்தான் ஊதுவார். ஆனால் சுருதி அறுபடாது. ஊதும்போது பை உப்பி காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும், அவர் மூச்சு இழுக்கும் நேரத்தில் மெல்லச் சுருங்கி அதை வெளியே விடும். இதயமும் விட்டுவிட்டுத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது, ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி அந்த ரத்தத்தில் பாதி அளவைத் தன் சுவரை விரித்து வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் அரை நொடியில் சுவர் பழைய நிலைக்குத் திரும்பி அந்த ரத்தத்தை முன்னே அனுப்புகிறது. விரிந்து வாங்குவதால் மேல் எண் எகிறாது, சுருங்கிக் கொடுப்பதால் கீழ் எண் விழாது. 1733இல் குதிரையின் ரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்து எழுதிய ஸ்டீபன் ஹேல்ஸ் இதைக் கவனித்து, அந்தக் காலத்துத் தீயணைப்பு வண்டியின் காற்றுக்குடத்தோடு ஒப்பிட்டார். பை காய்ந்து விறைத்துப் போனால் ஊதும்போது பீறிடும், மூச்சிழுக்கும்போது அடங்கிப்போகும். 168/66 என்பது அதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரத்தக்குழாய் என்றாலே நம் ஊரில் 'அடைப்பு' என்ற சொல்தான் வாயில் வரும். அடைப்பு வேறு, விறைப்பு வேறு. அடைப்பு குழாயின் உள்பூச்சில் அங்கங்கே கொழுப்புத் திட்டாகப் படிவது. விறைப்பு சுவரின் நடு அடுக்கில், குழாயின் நீளம் முழுக்க நடப்பது. இரண்டும் பலருக்குச் சேர்ந்தே வரும், ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது இருக்கலாம். 'ஆஞ்சியோ எடுத்துப் பாத்தோம், அடைப்பே இல்லை' என்று நிம்மதியோடு சொல்பவரின் பெருந்தமனி பி.வி.சி. பைப்பைப் போல ஆகியிருக்கலாம். ஆஞ்சியோ காட்டுவது குழாயின் உள்வழியை. சுவர் எவ்வளவு இளகும் என்பதை அதில் பார்க்க முடியாது.

விறைப்பை அளக்க வேறு வழி இருக்கிறது. கழுத்து நாடிக்கும் தொடை இடுக்கு நாடிக்கும் இடையே துடிப்பு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்ப்பது. ரத்தத்தின் வேகம் வேறு, துடிப்பின் வேகம் வேறு. காட்பாடி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டியை எஞ்சின் வந்து முட்டும்போது பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் அசைவதற்குள் அந்த 'டமடம' கடைசிப் பெட்டி வரை ஓடிவிடும். துடிப்பு அப்படி ஓடுவது. இளகிய குழாயில் நொடிக்கு 5, 6 மீட்டர். விறைக்க விறைக்க வேகம் கூடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய அளவு என்று 2012இல் ஐரோப்பிய நிபுணர்கள் வரையறுத்தார்கள். 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஏறத்தாழ 14 சதவீதம் கூடுவது தெரிந்தது. வயதையும் மற்ற ஆபத்துகளையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு வந்த எண் இது.

சரி, சுவர் ஏன் விறைக்கிறது? இதற்கு விடை தேட நான் பேர்ணாம்பட்டுக்குப் போக வேண்டும். என் நைனா அங்கே தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறி வெளுத்து வந்த பச்சைத்தோல் வழவழவென்று, தொட்டால் துவளும். அப்படியே விட்டால் இரண்டு நாளில் அழுகிவிடும். அதை ஆவாரம்பட்டைச் சாற்றிலோ கடுக்காயிலோ போட்டெடுப்பார்கள், பிறகு வந்த காலத்தில் டிரம்மில் குரோம் உப்போடு சுற்றவிட்டார்கள். வெளியே வரும்போது அது வேறு பொருள். தண்ணீரில் கிடந்தாலும் அழுகாது, இழுத்தாலும் எளிதில் மசியாது. பச்சைத்தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும். குரோம் ஏறிய தோல் கொதிநீரைத் தாங்கும்.

தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு அதன் வடிவம். 1954இல் அந்த மூவிழை அமைப்பை உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். பதனிடுவது என்றால் என்ன? பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளுக்கு நடுவே குறுக்குப் பாலங்கள் போடுவது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலையின் வேதியியல் இவ்வளவுதான்.

நம் பெருந்தமனியின் நடு அடுக்கிலும் கொலாஜன் கயிறுகள் இருக்கின்றன. அவற்றோடு எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற இழைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. சாதாரண அழுத்தத்தில் இழுபட்டுத் திரும்புவது எலாஸ்டின். அளவுக்கு மீறி விரியாமல் பிடித்து நிறுத்துவது கொலாஜன். வயதாக ஆக எலாஸ்டின் அறுகிறது, சுமை கொலாஜன் மேல் விழுகிறது. அந்தக் கொலாஜனிலும் குறுக்குப் பாலங்கள் பெருகுகின்றன. அங்கே பாலம் போடுவது பட்டையோ குரோமோ அல்ல, சர்க்கரை. ரத்தத்தில் சுற்றும் குளுக்கோஸ் வருடக்கணக்கில் புரதங்களோடு ஒட்டி, மெல்ல உருமாறி, இரண்டு கயிறுகளைப் பிணைத்துவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களின் தமனி பத்துப் பதினைந்து வயது முன்னதாகவே மூப்படைவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. உயிரோடு இருக்கும்போதே உள்ளுக்குள் நடக்கும் பதனிடல் என்று இதைச் சொன்னால் என் நைனாவுக்கு உடனே புரிந்திருக்கும்.

எலாஸ்டினின் கதை இன்னும் வருத்தமானது. அதை உடம்பு தாராளமாகச் செய்வது தாயின் வயிற்றில் கடைசி மாதங்களிலும் பிறந்த பிறகு சில ஆண்டுகளிலும்தான். அதற்குப் பிறகு ஏறக்குறைய உற்பத்தி நின்றுவிடுகிறது. அந்த முதல் பங்கை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம். 65 வயதுக்குள் 239 கோடி முறை விரிந்து சுருங்கியிருக்கும். கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு எலாஸ்டின் முதலீடே குறைவாக அமையலாம், அதனால் பின்னாளில் தமனி சீக்கிரம் விறைக்கலாம் என்று 1990களில் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. நம் மாவட்டத்துக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் பகுதிக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பதிந்து வைத்தது. அவர்கள் பெரியவர்களான பிறகும் தேடிப்போய் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். தமனி விறைக்கத் தொடங்கும் வயது.

தேய்மானம் மட்டும்தான் என்றால் ஒரே வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே விறைப்பு இருக்க வேண்டும். அப்படி இல்லை. எழுபது வயதில் நாற்பது வயதுத் தமனி உள்ளவர்களும் உண்டு, ஐம்பதில் எண்பது வயதுத் தமனி உள்ளவர்களும் உண்டு. இந்த இடத்தில்தான் அழற்சி உள்ளே வருகிறது.

அழற்சி என்ற சொல்லின் உள்ளேயே அழல் இருக்கிறது, அதாவது தீ. முள் குத்தினால் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறதே, அது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் தீ. வேலை முடிந்ததும் அணைந்துவிடும். அணைவதுதான் அதன் அழகு. வயதானவர்களுக்கு வருவது வேறு வகை. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. சாம்பல் பூத்த கரித்துண்டைப் போல நாளெல்லாம் கனிந்துகொண்டே இருக்கும். மூப்பும் அழற்சியும் இப்படிப் பிணைந்திருப்பதற்கு 2000இல் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி தனிப்பெயரே வைத்தார். பெருகுவதை நிறுத்திவிட்டு சாகவும் சாகாமல் கிடக்கும் மூத்த செல்கள், தொப்பைக் கொழுப்பு, வாயிலும் குடலிலும் இருந்து கசியும் கிருமித் துணுக்குகள், புகை என எல்லாம் அந்தக் கரியை ஊதிக்கொண்டிருக்கின்றன. இன்டர்லூகின்-6 என்ற செய்திப் புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அது கல்லீரலைத் தட்டி சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே சி.ஆர்.பி.தான். அன்று 80, 100 என்று பயந்தோம். இங்கே பேசுவது லிட்டருக்கு 2, 3, 5 மில்லிகிராம் என்ற மெல்லிய ஏற்றம்.

இந்தக் கனல் சுவருக்கு என்ன செய்கிறது? முதலில் குழாயின் உள்பூச்சுச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. சுவரின் தசையைத் தளர்வாக வைத்திருப்பது அந்த வாயு. அது குறைந்தால் தசை இறுகும். இது மணிக்கணக்கில் நடக்கும், மணிக்கணக்கில் சரியாகவும் கூடும். அடுத்தது வருடக்கணக்கில் நடப்பது. அழற்சிச் செல்கள் சுவருக்குள் நுழைந்து, புரதம் அரிக்கும் நொதிகளை வெளியே விடுகின்றன. எலாஸ்டின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுபவை அவைதான். அறுந்த எலாஸ்டின் துண்டுகளே மேலும் அழற்சிச் செல்களை அழைக்கின்றன என்பது இதில் மிகக் கொடுமையான பகுதி. மூன்றாவதாக, சுவரிலிருக்கும் தசைச் செல்கள் அந்தச் சூழலில் தம் இயல்பை மறந்து எலும்புச் செல்களைப் போல நடக்கத் தொடங்கி, சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கின்றன. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கும் எக்ஸ்ரேயிலேயே தமனி வெள்ளைக் கோடாகத் தெரிவது இதனால்தான்.

அழற்சியும் விறைப்பும் ஒன்றாகக் காணப்படுகின்றன என்பது ஒன்று, அழற்சியால்தான் விறைப்பு என்பது வேறொன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்து முதியவர்களிடம் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்குத் தமனி விறைப்பும் கூடுதலாக இருந்ததை 2004இல் சொன்னார்கள். அது முதல் வகைச் சான்று. நிழலைப் பார்த்து ஆளை ஊகிப்பது போல. இரண்டாம் வகைக்கு ஏதென்ஸ் மருத்துவர்கள் 2005இல் எளிமையான சோதனை ஒன்று செய்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டால் உடம்பில் சிறு அழற்சி வரும் என்பது தெரிந்ததே. சில மணி நேரத்தில் துடிப்பு அலையின் வேகம் கூடியது. அழலை மூட்டினால் குழாய் விறைக்கிறது. (தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். அது வந்து போகும் சிறு விறைப்பு. டைஃபாய்டு காய்ச்சல் மூட்டும் தீ பல மடங்கு பெரியது.) மறுபக்கமும் பார்த்தார்கள். முடக்குவாதம் என்ற மூட்டழற்சி உள்ளவர்களுக்கு வயதை மீறித் தமனி விறைத்திருக்கும். அழற்சியின் முக்கியச் செய்திப் புரதம் ஒன்றைத் தடுக்கும் ஊசியை அவர்களுக்குப் போட்டபோது சில வாரங்களில் விறைப்பு குறைந்ததை 2006இல் இங்கிலாந்துக் குழு ஒன்று காட்டியது. மூட்டினால் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. இவ்வளவு தெளிவான சான்று மருத்துவத்தில் எல்லா விஷயத்துக்கும் கிடைத்துவிடுவதில்லை.

ஆனால் உறவு ஒருவழிப் பாதை அல்ல. விறைத்த குழாயில் ஒவ்வொரு துடிப்பும் சம்மட்டி அடியாக இறங்குகிறது. அந்த அடி உள்பூச்சைக் காயப்படுத்த, அங்கே புது அழற்சி. மூளையும் சிறுநீரகமும் ரத்தத்துக்கு அகலக் கதவு திறந்து வைத்திருக்கும் உறுப்புகள். பெரிய குழாய் தாங்கிக்கொள்ளாத அடி அங்கேயுள்ள முடி போன்ற நுண்குழாய்கள் மேல் விழுகிறது. பெரியவர்களின் மறதிக்கும், சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து 'கிரியாட்டினின் கொஞ்சம் கூடி கீது' என்ற பேச்சுக்கும் பின்னால் பல நேரம் இது இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வேலூர் நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 1991-94இல் எடுத்த கணக்கை 2010-12இல் எடுத்த கணக்கோடு சி.எம்.சி. மருத்துவர்கள் ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கிராமப்புறத்தில் சர்க்கரை நோய் ஏறத்தாழ மூன்று மடங்கானது, உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் நன்றாக ஏறியிருந்தன. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு மூட்டை அல்ல. இன்டர்லூகின்-6ஐச் சுரந்துகொண்டே இருக்கும் ஓர் உறுப்பு. சர்க்கரை கொலாஜனைப் பதனிட, தொப்பை அழலை ஊத, இரண்டு கையாலும் ஒரே சுவர் அடி வாங்குகிறது. களியும் கீரையும் தின்று கழனி வேலை செய்த தலைமுறை, அதே அளவு சோற்றை வேலையில்லாமல் தின்னும் முதுமைக்கு வந்திருக்கிறது. இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாலாறு வறண்டு கழனி போனது அவர்கள் குற்றமல்ல.

புகை இரண்டாவது. பீடி குடிப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வேலூர்ப் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் முறம் வைத்து பீடி சுற்றிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வருடக்கணக்காகப் புகையிலைத் தூளை மூச்சில் வாங்கியவர்கள் அவர்கள். கூடவே விறகடுப்பு. நுண்ணிய புகைத்துகள் நுரையீரலில் போய் உட்கார்ந்து உடம்பு முழுக்க அழற்சியைப் பரப்பும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அதனால் பீடியையே தொடாத ஆயாவிடமும் 'அடுப்பு இன்னா அடுப்பு?' என்று கேட்கிறேன்.

மூன்றாவதாக ஈறு. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் யாருமே இதைப் பொருட்டாக நினைப்பதில்லை. பல் ஆடுவது, துலக்கும்போது ரத்தம் வருவது எல்லாம் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். பல்லின் வேர்களைச் சுற்றிச் சீழ் கட்டிய ஈறுகளை எல்லாம் விரித்துக் கணக்கிட்டால் உள்ளங்கை அளவுப் புண்ணுக்குச் சமம். கையில் அப்படி ஒரு புண் இருந்தால் வருடக்கணக்கில் சும்மா இருப்போமா? 2007இல் வெளியான ஓர் ஆய்வில் கடுமையான ஈறுநோய் உள்ளவர்களுக்கு ஈறுக்குள் ஆழமாகச் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தார்கள். மறுநாள் ரத்தக்குழாயின் விரியும் திறன் குறைந்தது, கிளறியதில் அழற்சி கூடியதால். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சிகிச்சை பெறாதவர்களைவிட நன்றாக இருந்தது. பல் டாக்டரிடம் போவது இதயத்துக்கான வைத்தியமும்கூட என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆயா கேட்ட முட்டி மாத்திரை. அழற்சிதான் பகை என்றால், அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரை தமனிக்கு நல்லதுதானே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் நேர் எதிரானது. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் தடுப்பது வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் வேறொரு பாதையை. இன்டர்லூகின்-6 பக்கத்துக் கனல் அப்படியே இருக்கும். போதாததற்கு அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன, ப்ரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கின்றன. 2013இல் நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், அதிக அளவு டைக்ளோஃபெனாக் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுவது தெரிந்தது. ப்ரஷருக்கு நீர் போகும் மாத்திரையும் சாப்பிட்டு, ராமிப்ரில், எனலாப்ரில் வகையும் சாப்பிட்டு, அதோடு வலி மாத்திரையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். பேர் தெரியாத பொட்டலத்தில் விற்கும் முட்டி வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. வலி உடனே போகும், சர்க்கரையும் ப்ரஷரும் ஏறும், எலும்பு தேயும்.

அழற்சியைக் குறிபார்த்து அடிக்கும் மருந்துகளும் உண்டு. 2017இல் 10,061 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த சோதனையில், இன்டர்லூகின்-1ஐத் தடுக்கும் ஊசி கொலஸ்ட்ராலைத் தொடாமலே மாரடைப்பு போன்ற இதய நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது. அழற்சி வெறும் சாட்சி அல்ல, குற்றத்தில் பங்காளி என்று நிறுவிய சோதனை அது. ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. தீயை ஒரேயடியாக அணைத்தால் கிருமியை எரிக்கவும் தீ இருக்காது. அதன் பிறகு கவனம் கால்சிசின் மேல் திரும்பியது. நமக்கு இது தூரத்து மருந்தல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதே கால்சிசின். தீ நாக்கு போன்ற பூவுக்குள் தீயணைக்கும் மருந்து. 2019, 2020இல் வந்த இரண்டு பெரிய சோதனைகளில் தினம் 0.5 மில்லிகிராம் கால்சிசின் இதய நிகழ்வுகளைக் குறைத்தது. 2024இல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனையில் பயன் தெரியவில்லை. எல்லா முதியவர்களுக்கும் கொடுக்கும் நிலைக்கு அது வரவில்லை. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கண்வலிக்கிழங்கு என்று நாம் அழைக்கும் அந்தக் கிழங்கு கொடிய விஷம். வைத்தியம் என்று நினைத்து ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கக் கூடாது.

சி.ஆர்.பி. பரிசோதனை எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தனியாக எடுத்துப் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். சளி பிடித்தாலே ஏறிவிடும் எண் அது. மரபணு ஆய்வுகளின்படி சி.ஆர்.பி.யே நெருப்பு அல்ல, அது புகை. நெருப்பு இன்டர்லூகின்-6 பக்கம் இருக்கிறது. டாக்டர் கேட்டால் எடுங்கள்.

அதைவிட அவசரமான வேலை மேல் எண்ணை இறக்குவது. வயதுக்கு அது சகஜம் என்ற நம்பிக்கையை 1991லேயே ஒரு சோதனை உடைத்துவிட்டது. 60 வயதைத் தாண்டிய, மேல் எண் மட்டும் ஏறியிருந்த 4,736 பேரிடம் அமெரிக்காவில் நடந்தது அது. மலிவான, நீர் போகும் மாத்திரையில் தொடங்கிய சிகிச்சையே பக்கவாதத்தை 36 சதவீதம் குறைத்தது. 80ஐத் தாண்டியவர்களுக்கும் பயன் உண்டு என்று 2008இல் தெரிந்தது. அந்த மாத்திரைகளை வாங்க முடியாதவர்களுக்கு 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடக்கம். நடையைப் பொறுத்தவரை, உட்கார்ந்தே இருந்த நடுவயது ஆண்கள் மூன்று மாதம் தொடர்ந்து நடந்ததில் கழுத்துத் தமனியின் இளக்கம் கூடியதை 2000இல் காட்டியிருக்கிறார்கள். அறுந்த எலாஸ்டினை நடை ஒட்டவைக்காது. நைட்ரிக் ஆக்சைடைத் திரும்பக் கொண்டுவரும், தொப்பையைக் கரைக்கும், கனலைத் தணிக்கும்.

மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் ஒரு சிக்கல் வரும். படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் விழாமல் காப்பது கழுத்துத் தமனியின் சுவரிலுள்ள உணரிகள். சுவர் இழுபடுவதை வைத்துத்தான் அவை அழுத்தத்தை அறிகின்றன. சுவரே விறைத்துவிட்டால் அவற்றுக்குச் செய்தி சரியாகப் போகாது. அதோடு வேலூர் வெயிலில் உடம்பு நீர் வற்றி, நீர் போகும் மாத்திரையும் சேர்ந்தால், உட்கார்ந்திருக்கும்போது 160 காட்டியவர் எழுந்ததும் கண் இருட்டி விழுவார். அதனால் முதியவர்களுக்கு உட்கார வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை அளக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். தலைசுற்றல் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆனியில் பக்கவாதத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயாவுக்கு அன்று முட்டி மாத்திரை தரவில்லை. கோபித்துக்கொண்டு போனார். பிறகு டாக்டரே முட்டிக்குத் தடவும் களிம்பும் தொடைத்தசைக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார், ப்ரஷர் மாத்திரையை மாற்றினார். ஆடிய இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு ஈறுகளைச் சுத்தம் செய்துகொண்டார். முட்டி இன்னும் வலிக்கிறது என்கிறார். ஆவணியில் வந்தபோது படியில் உட்கார்ந்தபடியே சீட்டை நீட்டினார். 148/68.

"கழிச்சா எவ்ளோ வருது தம்பி?"

"எண்பது ஆயா."

"அறுவதுக்கு இன்னும் இருபது கீதா?" என்று கேட்டு, சீட்டை மடித்து இடுப்புச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்.